கம்பெனி பணம், சங்கத்து ஆள், சாவி யாரிடம்?

3 மே 2025, காங்கேயம் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தேங்காய் எண்ணெய் மில். அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் பங்கு. போன வாரம் ஊரிலுள்ள சேவைச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர் வசதி செய்வோம், நீங்கள் பாதி போடுங்கள், நாங்கள் பாதி என்கிறார்கள். பணம் நம்முது, பேர் அவங்குளுது என்று சித்தப்பா சிரிக்கிறார். நேராகப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டுப் போகலாமே, நடுவில் சங்கம் எதற்கு? இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 மே, இரவு

இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்றால் நான்தான் மாட்டுவேன். பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பொழுதோட ஒரு சேவைச் சங்கத்தில் உறுப்பினர், இரண்டு முறை செயலாளர், ஒரு முறை பொருளாளர். தலைவர் ஆனதில்லை, வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சங்கத்துக்காரர்களை "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பியிருக்கிறேன். சங்கத்துக்காரனாகப் போய் வேறு கம்பெனிகளில் அதே பதிலை வாங்கியும் வந்திருக்கிறேன்.

சித்தப்பா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி. நேராகக் கொடுக்கிறீர்கள், சரி. தலைமை ஆசிரியரைப் பார்க்க ஒரு நடை, கல்வி அலுவலகத்துக்கு ஒரு நடை, பிளம்பரைத் துரத்த நாலு நடை. மில்லில் கொப்பரை காய்கிற நாளில், மழை வந்தால் அள்ளிப் போட ஆள் தேடுகிற நாளில், அந்த ஆறு நடையை உங்கள் மூன்று பேரில் யார் நடப்பது? சங்கம் கொடுப்பது அந்த நடையைத்தான். நடக்கிற சங்கமா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பாடு.

4 மே

திருத்தம். இரண்டு முறை செயலாளர் என்று எழுதியதை வீட்டில் படித்துவிட்டு, மூன்று முறை என்று மாற்றச் சொல்கிறார்கள். மூன்றாவது முறை பாதியில் விட்டது, கணக்கில் வராது என்றேன். "எனக்கு வரும்" என்று பதில்.

9 மே

ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் சங்கமும் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியும் சேர்ந்து ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆர்ஓ இயந்திரம் வைத்தோம். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம், வேறு தண்ணீரே கிடையாது என்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பள்ளியில் மீட்டரை விட்டுப் பார்த்தபோது 1800 காட்டியது. திறப்பு விழாவில் நாதஸ்வரம் ஒன்றுதான் குறை. ரிப்பன், கத்தரிக்கோல், வெளியூர்ப் பெரியவர்கள், பிள்ளைகளுக்கு லட்டு. குழுப் படத்தில் ஓரத்தில் பாதி முகம் தெரிகிறதே, அது நான்.

மூன்று வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனேன். இயந்திரம் இருந்த அறை பூட்டிக் கிடந்தது. சாவி கேட்டால், "பழைய ஹெச்எம்கிட்ட இருந்துச்சுங்க, அவரு மாறுதல்ல போயிட்டாருங்க." பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனோம். உப்பைப் பிரிக்கும் சவ்வு, அதாவது மெம்பிரேன், உப்புப் பூத்து அடைத்திருந்தது. சில மாதத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டிய முன்வடிகட்டி, வைத்த அன்று வைத்தபடியே செங்கல் நிறத்தில் இருந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான். அதை மாற்றாததால் லட்ச ரூபாய் இயந்திரம் படுத்துவிட்டது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கொண்டுவராத பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கிக் குடித்தது.

விசாரித்தேன். பணம் கொடுத்தோம், பராமரிப்பு சங்கத்தின் பொறுப்பு என்றது கம்பெனி. அது முந்தின தலைவர் காலத்துத் திட்டம் என்றது சங்கம், அதாவது நாங்கள். எங்களுக்கு இதற்கென்று நிதி வருவதில்லை என்றது பள்ளி. மூன்று பேர் சொன்னதும் உண்மைதான்.

10 மே

பூட்டை யார் உடைத்தது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சத்துணவு அமைப்பாளர் அம்மா, குழவிக்கல்லால். நான் டார்ச் பிடித்தேன்.

17 மே

ஒரு வாரமாக யோசித்ததில் காலண்டரில்தான் கோளாறு என்று படுகிறது. கம்பெனிக்கு வருஷம் ஏப்ரல் 1இல் பிறக்கிறது. ரோட்டரிக்கும் அரிமாவுக்கும் (லயன்ஸ்) ஜூலை 1. பள்ளிக்கு ஜூன். நமக்கெல்லாம் சித்திரை. பிப்ரவரி கடைசியில் பெரிய கம்பெனியிலிருந்து போன் வரும், "மார்ச்சுக்குள்ள செலவு காட்டோணும், ஏதாச்சும் திட்டம் இருக்குதுங்களா?" சங்கத்தில் அவசரமாக ஒன்றைப் பிடித்து, கொட்டேஷன் வாங்கி, மார்ச் கடைசியில் மாட்டி, படம் எடுத்து அனுப்புவோம். ஏப்ரலில் தேர்வு, மே விடுமுறை. ஜூனில் பள்ளி திறக்கும்போது சங்கத் தலைவர் வழியனுப்பு விழாவில் இருப்பார். ஜூலையில் புதுத் தலைவர், அவருக்கு அவர் திட்டம். புது இயந்திரத்தின் முதல் நான்கு மாதத்துக்கு அப்பன் ஆத்தாள் கிடையாது.

சித்தப்பாவுக்குச் சட்டம் கொஞ்சம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்கவேண்டும். சிஎஸ்ஆர் என்பது இதுதான். நீங்கள் மூன்று பேர் பங்கு என்கிறீர்கள், பார்ட்னர்ஷிப்பாகத்தான் இருக்கும். அப்படியென்றால் எவ்வளவு லாபம் வந்தாலும் அந்தப் பிரிவு உங்களைத் தொடாது. நீங்கள் கொடுப்பது மனசுக்காக. அதற்கும் வரிச் சலுகை உண்டு, ஆனால் ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் எடுபடாது. காசோலையாகக் கொடுங்கள், நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். காசோலையைச் சங்கத்தின் பெயருக்கு எழுதுமுன் விசாரியுங்கள், வரிச் சலுகைக்கான பதிவு பெரும்பாலும் சங்கத்தின் அறக்கட்டளைக்குத்தான் இருக்கும்.

பெரிய கம்பெனியாக இருந்தால் சங்கடம் கூடும். 2021 ஏப்ரல் 1 முதல் வேலையை எடுத்துச் செய்யும் அறக்கட்டளைக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு எண் வேண்டும், அதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவமும் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் சிஎஸ்ஆருக்காக வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவும் கிடையாது. இவ்வளவும் தெரிந்த கம்பெனிக்காரர்கூட, வடிகட்டியை யார் மாற்றுவது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

எங்கள் கம்பெனியில் செக்கிங் பெண்களுக்குப் படிக்கிற கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். அதையும் சிஎஸ்ஆரில் காட்டலாம்.

18 மே

காட்ட முடியாது. நேற்று ராத்திரி எழுதியதில் கடைசி வரியை அடித்துவிடுங்கள். ஆடிட்டர் ஆபீஸ் தம்பி காலையில் கூப்பிட்டு, "அண்ணா, நீங்களே இப்படி எழுதுனா எப்படிங்கண்ணா" என்றான். 2021 ஜனவரியில் திருத்திய விதிகளின்படி, சொந்தத் தொழிலாளர்களுக்குச் செய்வது சிஎஸ்ஆர் ஆகாது. நலச் செலவு, அவ்வளவுதான். எங்கள் கம்பெனிக்கு எப்படியும் அந்த வரம்பு வரவில்லை என்பது வேறு.

ஆனால் அந்தக் கண்ணாடியை நான் விடமாட்டேன். நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கும், எல்லாருக்கும்தான். செக்கிங் டேபிளில் நாள் முழுக்க ஓட்டை, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை தேடுகிற பெண்கள் அதைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் வேலை போகும் என்று பயம். சங்கத்தில் ஒரு கண் பரிசோதகரைக் கூட்டிவந்து ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். முக்கால்வாசிப் பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. அசாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. கண்ணாடி போட்டவர்கள் போடாதவர்களைவிட ஏறத்தாழ 21.7 சதவீதம் கூடுதலாகப் பறித்திருக்கிறார்கள். முதலாளியிடம் அந்த எண்ணைச் சொன்னேன். அடுத்த நாளே காசோலை. கண்ணைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன், அதற்கு அசையவில்லை.

25 மே

கண் என்றதும் முகாம்களைப் பற்றிக் கேட்கிறார்கள். சங்கமும் வியாபாரமும் சேர்ந்து நாட்பட ஓடுகிற வேலை எங்கள் பக்கம் எது என்றால் கண் முகாமைத்தான் சொல்வேன். கோவையில் சங்கரா கண் மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளை 1977இல் தொடங்கியது, அரவிந்த் கண் மருத்துவமனை கோவைக்கு வந்தது 1997இல். யார் நடத்தினாலும் முகாமின் கட்டுமானம் ஒன்றுதான். செலவை ஒரு ஜவுளிக்கடையோ மில்லோ ஏற்கும். ஊர் ஊராகச் சொல்லி வயசாளிகளைத் திரட்டுவது, பந்தல், டோக்கன், சோறு எல்லாம் சங்கம். மருத்துவர், கருவி, அறுவை சிகிச்சை, ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை எல்லாம் மருத்துவமனை. அந்தக் கடைசி வேலை வருஷா வருஷம் மாறாத ஒருவர் கையில் இருப்பதால்தான் முகாம் நிற்கிறது. தலைவர் மாறினாலும் கடை கைமாறினாலும் கிழவிக்கு ஊற்ற வேண்டிய சொட்டு மருந்து நிற்பதில்லை.

முகாம் சோறு பற்றி ஒரு வார்த்தை. தக்காளி சாதம் போட்டால் கூட்டம் முணுமுணுக்கும். அரிசியும்பருப்பும் போட்டு நெய் விட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

1 ஜூன்

பேர்ப் பலகை. இதைப் பற்றிக் கேலியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தை மறைத்த கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒரு நிழற்குடையில் பதினேழு பெயர்களை எண்ணினேன், உட்காரும் பெஞ்சில் மூன்று பேருக்குத்தான் இடம்.

இதை எங்கள் ஊர் இரும்புக்கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். எண்பதைத் தொடப்போகிறார். அவர் சிரிக்கவில்லை. "ஏந் தம்பி, பேர் போடறது பெருமைக்குன்னா நெனச்ச? பைப்பு ஒடைஞ்சா எவனத் திட்டறதுன்னு ஊருக்குத் தெரியோணுமல்ல?" அவர் காலத்தில் பேர் இருந்தால் போதும், கடை எங்கே என்று ஊருக்கே தெரியும். இப்போது நாம் பதினேழு பேரை எழுதுகிறோம், ஒருத்தரையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே கேலியை வாபஸ் வாங்குகிறேன். பேர் போடுங்கள், கூடவே போன் நம்பரும் போடுங்கள்.

14 ஜூன்

அந்தப் பள்ளி ஆர்ஓ இப்போது ஓடுகிறதா என்று பல்லடத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஓடுகிறது. எப்படி என்பதில்தான் எங்களுக்கு வெட்கம்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கழிவு ஒரு சொட்டும் நொய்யல் ஆற்றுக்குப் போகாத ஏற்பாடு இருந்தால்தான் ஓட்டலாம் என்று ஆனது. அந்த ஏற்பாட்டின் நடுவே இருப்பது ஆர்ஓதான், பள்ளியில் இருப்பதைப் போல நூறு ஆயிரம் மடங்கு பெரியது. அதை இரவு பகலாக ஓட்டுகிற ஆபரேட்டர்கள் எங்கள் ஊரில் டீக்கடைக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மெம்பிரேனை எப்போது கழுவுவது, அழுத்தம் எவ்வளவு ஏறினால் அடைப்பு என்றெல்லாம் தூக்கத்தில் சொல்வார்கள். ஆர்ஓவைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஊரில், பள்ளிக்கூடத்து ஆர்ஓ உப்புப் பூத்துச் செத்தது.

சங்கத்தில் நாங்கள் கம்பெனிகளிடம் பணமாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அன்றைக்கு முதல் தடவையாக ஆளைக் கேட்டோம். ஒரு சாயப்பட்டறை, மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம் அவர்கள் ஆபரேட்டரை அனுப்ப ஒத்துக்கொண்டது. அவர் வருவார், வடிகட்டியைக் கழற்றுவார், மாற்றுவார், மீட்டர் விட்டுப் பார்த்துச் சுவரில் பென்சிலால் எழுதுவார், ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போவார். சுவரில் இப்போது பன்னிரண்டு வரி இருக்கிறது. சாவி சத்துணவு அமைப்பாளர் அம்மாவிடம். குழவிக்கல் பக்கத்திலேயே இருக்கிறது.

15 ஜூன்

"வியாபாரிக்கும் சேவைக்கும் என்ன சம்பந்தம்" என்று ஒருவர் கொஞ்சம் காட்டமாகவே எழுதியிருக்கிறார். இந்தச் சங்கங்களே வியாபாரிகள் வைத்தவைதான் அய்யா. ரோட்டரி 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு ஆரம்பித்தது. ஒவ்வொரு வாரம் ஒருவர் இடத்தில் சுற்றிச் சுற்றிக் கூடினார்கள், அதுதான் பெயர்க் காரணம். தொழிலுக்கு ஒருவர் என்று சேர்த்தார்கள், ஆரம்ப நோக்கம் ஒருவருக்கொருவர் வியாபாரம் பார்த்துக்கொள்வது. அரிமா 1917, மெல்வின் ஜோன்ஸ் இன்சூரன்ஸ் தொழிலில் இருந்தவர். 1925இல் பார்வையற்ற ஹெலன் கெல்லர் அரிமா மாநாட்டில் வந்து பேசியபின்தான் அவர்கள் கண்ணைக் கையில் எடுத்தார்கள்.

சிகாகோ ரோட்டரி 1907இல் எடுத்த முதல் பொதுவேலை என்ன தெரியுமா? பொதுக் கழிப்பறை. அதை எதிர்த்தவர்களும் வியாபாரிகளே. மதுக்கடையில் ஆண்களுக்குக் கழிப்பறை இருக்கிறது, பெரிய கடைகளில் பெண்களுக்கு இருக்கிறது, தனியாக எதற்கு என்றார்களாம். எங்கள் பேருந்து நிலையத்தில் நாங்கள் இதையே முயன்றபோது வந்த எதிர்ப்பை எழுதினால் ஊரில் நடமாட முடியாது, விட்டுவிடுகிறேன்.

22 ஜூன்

எழுதலாமா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

அப்பா போனது இரண்டு வருஷம் முன்பு ஐப்பசியில். விடாத மழை. முன்பெல்லாம் அந்த மாதிரி நாளில் சுடுகாட்டில் விறகு பற்றாது, வரட்டி நனைந்துவிடும், மண்ணெண்ணெய் டின்னோடு ஆள் நிற்கும். இப்போது கொங்கில் பல ஊர்களில் எரிவாயு தகன மேடை வந்துவிட்டது. இடம் நகராட்சியுடையது, நடத்துவது ரோட்டரி அல்லது அரிமா சார்ந்த அறக்கட்டளை, கட்டும்போது பணம் போட்டது ஊர் மில்காரர்களும் கடைக்காரர்களும். நாங்கள் போனதும் அப்படி ஒன்றுதான். நேரம் குறித்துக் கொடுத்தார்கள். கட்டணம் வாங்கி ரசீது கொடுத்தார்கள். பொழுது சாயுமுன் மண் கலயத்தில் அஸ்தி கைக்கு வந்தது.

கணக்குப் பார்க்கிறவன் புத்தி, அந்த நேரத்திலும் ரசீதைத் திருப்பிப் பார்த்தேன். அறக்கட்டளையின் பேர், பதிவு எண், தொடர் எண் எல்லாம் சரியாக இருந்தன. உள்ளே கல்லில் நன்கொடையாளர் பெயர்கள் ஒரே அளவு எழுத்தில், யாருக்கும் பெரிய எழுத்து இல்லை. அறங்காவலர்கள் வருஷா வருஷம் மாறுகிறவர்கள் இல்லை என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது. பர்னர் சர்வீஸுக்கு ஒப்பந்தம், ஆபரேட்டருக்குச் சம்பளம், சிலிண்டருக்குக் கட்டணத்திலிருந்து காசு. யார் தலைவர் என்பதைப் பற்றி அந்த அடுப்புக்குக் கவலை இல்லை.

கிளம்பும்போது ஆபரேட்டரிடம், இதுக்கெல்லாம் சாவி யாருகிட்டங்க என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

1 ஜூலை

புதுத் தலைவர் பதவியேற்றார். தங்கமானவர், பனியன் தைக்கிற பவர் டேபிள் யூனிட் வைத்திருக்கிறார். இந்த வருஷத் திட்டம் என்னவென்றால், ஆயிரம் மரக்கன்று. கூண்டுக்கு ஒரு கம்பெனியும் பிடித்துவிட்டாராம். நான் இரும்புக்கடைக்காரரைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார்.

13 ஜூலை

மரத்தைப் பற்றி நான் நக்கல் அடிப்பதாகத் தலைவருக்குத் தகவல் போய்விட்டது. ஆகவே சீரியஸாக.

எங்கள் சாலையில் ஐந்து வருஷம் முன்பு வைத்த கூண்டுகளைப் போய்ப் பார்த்தேன். கூண்டு இருக்கிறது, கூண்டில் கம்பெனி பெயர் பளிச்சென்று இருக்கிறது, உள்ளே எருக்கு முளைத்திருக்கிறது. ஒரு கூண்டை யாரோ கோழிக்கு எடுத்துப் போய்விட்டார்கள், அது ஒன்றுதான் உபயோகமாக இருக்கிறது. இது மழை மறைவுப் பிரதேசம், முதல் இரண்டு கோடைக்கு லாரித் தண்ணீர் இல்லாமல் எந்தக் கன்றும் தாங்காது. கன்று வாங்கக் கொடுப்பவர்கள் தண்ணீர் லாரிக்குக் கொடுப்பதில்லை. லாரி முன்னால் நின்று படம் எடுத்தால் நன்றாக வராது என்பது காரணமாக இருக்கலாம்.

அதே ஊரில் 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' என்ற மரம் நடும் திட்டம் வளர்ந்திருக்கிறது. கோவையில் 2003இல் தொடங்கிய சிறுதுளி என்ற அமைப்பு இன்றும் குளங்களோடு மல்லுக்கட்டுகிறது. இரண்டிலும் தொழிலதிபர்கள் இருக்கிறார்கள், பணம் இருக்கிறது, கூடவே ஜூலை 1இல் கலையாத அமைப்பும் இருக்கிறது. தலைவரிடம் இதைச் சொன்னேன். ஆயிரம் கன்று இருநூறாகிவிட்டது, மீதிப் பணம் இரண்டு கோடைக்குத் தண்ணீருக்கு. கம்பெனிக்காரர் முதலில் முகம் சுளித்தார், பிறகு லாரியின் பின்பக்கத்தில் பேர் எழுதலாமா என்று கேட்டார். தாராளமாக.

27 ஜூலை

ரத்ததானம். சுருக்கமாக, ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு கம்பெனியில் சுதந்திர தினத்துக்கு முகாம் வைத்தோம், மேனேஜர் உற்சாகத்தில் எல்லாத் தொழிலாளரையும் வரிசையில் நிறுத்திவிட்டார். ரத்த வங்கி எடுத்து வந்தது அறுபது பைதான். மீதிப் பேர் ஏமாந்து போனார்கள். வங்கிக்காரர் சொன்ன பிறகுதான் உறைத்தது. சிவப்பணுவே அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும், தட்டணு 5 நாள். ஆகஸ்டில் கொட்டிவிட்டு மே மாதம் ஒரு பை கிடைக்காமல் ஊர் அலையும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம், பெண்கள் 120 நாள். இப்போது கட்டிங் பிரிவு ஒரு மாதம், அயர்னிங் ஒரு மாதம் என்று பிரித்துவிட்டோம். மே மாதம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினோம். செக்கிங்குக்கு விழுந்தது, கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. கொடுமுடி வந்திருக்கிறேன். கேள்விகளுக்கு நாளைக்கு.

10 ஆகஸ்ட்

நாளைக்கு என்று சொல்லி ஒரு வாரம். இதற்குள் காங்கேயம் நண்பர் தனியாக எழுதிவிட்டார். அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

மில்லும் சங்கத்தின் அறக்கட்டளையும் பாதிப் பாதி போட்டு ஆர்ஓ வைப்பதாக முடிவு. ஆனால் முதலில் ஒரே ஒரு பக்கத்தில் ஒரு தாள் எழுதியிருக்கிறார்கள். வடிகட்டிக்கும் ஆள் கூலிக்கும் 60,000 ரூபாயை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, அதன் வட்டியை மட்டும் எடுப்பது. ஏழு சதவீதம் என்றாலும் வருஷத்துக்கு 4,200 வரும், முன்வடிகட்டிக்குத் தாராளம். கையெழுத்து மூன்று பேர்: மில், அறக்கட்டளை, பள்ளி மேலாண்மைக் குழு. குழுத் தலைவர் பிள்ளைகளின் பெற்றோரில் ஒருவர், ஆசிரியர் மாதிரி மாறுதலில் போகமாட்டார். அந்த அம்மா வீடு பள்ளிக்கு எதிரிலேயே. சாவி அங்கே.

அவருக்கு நான் சொல்ல மறந்தது ஒன்று. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதி அரசு தரும். பாதிக்கு மேல் போட்டால் வேலையை நாமே எடுத்தும் செய்யலாம். கழிப்பறை, சுற்றுச்சுவர் மாதிரி வேலைக்கு அதைப் பாருங்கள், உங்கள் பணம் மூன்று மடங்காகும். 1997-98இல் வந்த திட்டம், 2011இல் தன்னிறைவுத் திட்டம் ஆனது, 2021இல் மறுபடி பழைய பேர். தலைவர் மாறினால் பேர் மாறுவது சங்கத்தில் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

சித்தப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டதற்கு வந்த பதிலைத் தனி வரியில் எழுதுகிறேன்.

சித்தப்பா சங்கத்தில் சேர்ந்துவிட்டாராம். அடுத்த ஜூலையில் செயலாளர்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஜூன் 1இல் பேரோடு போன் நம்பரும் போடுங்கள் என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதினேன். நம்பர் போட்ட பலகைகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க இன்று காலை வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். பதினொரு பலகையில் நம்பர் இருந்தது. எல்லாவற்றுக்கும் கூப்பிட்டேன். நான்கு உபயோகத்தில் இல்லை. இரண்டு எடுக்கவில்லை. ஒன்றில் ஓசூரிலிருந்து யாரோ கன்னடத்தில் பேசினார், சிரித்துவிட்டு வைத்தோம். ஒன்றில் முன்னாள் தலைவர், "அதெல்லாம் இப்ப நான் பாக்கறதில்லீங்க" என்றார். இரண்டில் ஆள் எடுத்து, என்ன ரிப்பேர் என்று கேட்டார், இரண்டு பேரும் மெக்கானிக்குகள். பலகை எழுதியவர் சங்கத்துக்காரர் நம்பருக்குப் பதில் மோட்டார் மெக்கானிக் நம்பரை எழுதியிருக்கிறார். புத்திசாலி.

பதினொன்றாவது, பதினேழு பேர் கொண்ட அந்த நிழற்குடை. பெயிண்ட் உதிர்ந்து கடைசி இரண்டு எண் மங்கலாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினேன். பத்தாவது எண்ணை அழுத்தியதும் திரையில் "வீடு" என்று வந்தது.

நான் பாதியில் விட்ட அந்த மூன்றாவது செயலாளர் வருஷத்து நம்பர். பழைய சிம், இப்போது வீட்டில் அவர்கள் போனில் கிடக்கிறது. மணி அடித்தது, எடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். "ஓ, அதுங்களா? யாரோ ரெண்டு வருஷமா கூப்புட்டுக் கூரை ஒழுகுது, கூரை ஒழுகுதுன்னாங்க. நம்ம கூரை நல்லாத்தான இருக்குதுன்னு ராங் நம்பர்னு வெச்சுட்டேன்."

நிழற்குடைத் தகரத்தை மாற்ற புதன்கிழமை வெல்டர் வருகிறார். காசு வீட்டில் கேட்டிருக்கிறேன்.